எட்டுச் சுற்று

இஞ்சிக் கேக்கை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. முந்தாநாள் சுட்டது. இரண்டு நாள் டப்பாவில் கிடந்தால்தான் அதற்குப் பதம் வரும். அன்றைக்கே வெட்டினால் உதிர்ந்துவிடும். நான் பேசும்போது நீங்கள் மென்றுகொண்டிருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்பேசரைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று செயலாளர் போன மாதம் கேட்டபோது, எல்லோரும் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அதனால் நானே கையைத் தூக்கினேன். மே மாதம் என் வீட்டுக்காரர் நெவில் போனதிலிருந்து என் எதிரில் யாரும் சக்கரம் என்ற சொல்லைக்கூட எடுப்பதில்லை. நான் தேநீர்த் தட்டோடு வந்தால் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். அன்புதான், புரிகிறது. ஆனால் இன்றைக்குக் கூட்டம் முடியும்போது வாக்கெடுப்பு இருக்கிறது. நம் கிட் கார் சங்கத்தில் இனி யார் வண்டியிலும் ஸ்பேசர் கூடாது, வில்ஃப் கடைந்த பொருள் எதையும் யாரும் வாங்கக் கூடாது என்று தீர்மானம். அதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவள் ஒருத்தி பேசுவதுதான் முறை.

வில்ஃப், ஏன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறாய்? முப்பது வருஷமாக இந்த டெர்பிஷைர் மலைப்பக்கத்தில் ஓடும் பாதி வண்டிகளுக்கு நீதான் வளையம் கடைந்து கொடுத்தாய். இப்போது கடைசல் இயந்திரத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டாயாம். ஒரு மணி நேரம் பொறு.

மேசையில் மூன்று பொருள் வைத்திருக்கிறேன். ஒரு ஸ்பேசர், ஒரு சக்கர நட்டு, ஒரு பழைய மிட்டாய் டப்பா. டப்பாவைக் கடைசியில் திறக்கலாம்.

முன் வரிசையில் புதிதாகச் சேர்ந்த இளம் தம்பதிக்காக அடியிலிருந்து சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கிட் கார் என்பது பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து இறங்கும் கார். சட்டகம் ஒரு பெட்டி, உடம்பு ஒரு பெட்டி, மிச்சத்தைப் பழைய காரிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். எங்களுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் அவைதான். பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு இரண்டு பேரும் கராஜுக்குள் போவோம். சாயங்காலம் கிரீஸும் சிரிப்புமாக வெளியே வருவோம். பின் சக்கர வேலை என்னுடையது. எனக்கு விரல் சின்னது, பொறுமை பெரிது. எஞ்சின் அவருடையது.

ஸ்பேசர் என்றால் இதுதான், இந்த வளையம். சக்கரம் உள்ளே தள்ளி உட்கார்ந்து ஏதாவது கம்பியில் உரசினால், அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இதைக் கொடுத்து வெளியே தள்ளுகிறோம். தேர்ந்தெடுக்கும்போது முதலில் உரசல் எவ்வளவு என்று அளவெடுங்கள். அழகுக்காக ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாதீர்கள். இரண்டாவது, நடு ஓட்டை. அச்சின் மேடு அந்த ஓட்டைக்குள் கையுறைக்குள் விரல் போவதைப் போல இறங்க வேண்டும். லொடலொடத்தால் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வில்ஃப் கடைந்தது ஒருநாளும் லொடலொடத்ததில்லை.

இனிச் சொல்வதுதான் முக்கியம். வளையம் தடிமனாக ஆக, சக்கரத்துக்கு வெளியே நீட்டும் போல்ட் குறைந்துகொண்டே வரும். நட்டு பிடிக்க மரை வேண்டுமே. நம் வண்டிகளின் போல்ட்டுக்கு நட்டு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால், பழைய போல்ட்டை எடுத்துவிட்டு நீளமானதைப் போட வேண்டும். இதில் சுருக்குவழி கிடையாது.

நம் சங்கத்து வழக்கம் புதியவர்களுக்குத் தெரியாது. ஒருவர் மாட்டுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். மாட்டுகிறவர் நட்டைக் கையால் சுற்றி, எத்தனை சுற்று ஏறியது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரிபார்ப்பவர் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை வைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை இறுக்கி, நட்டின் மேல் வர்ணக் கோடு ஒன்று இழுப்பார். கோடு விழுந்த நட்டில் யாரும் மறுபடி ஸ்பேனர் வைப்பதில்லை. சொன்ன எண்ணைத் திருப்பிக் கேட்பதும் இல்லை. கேட்டால் அது, உன் வார்த்தையில் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. நல்ல வழக்கம். அதில் ஒரு சிறிய ஓட்டை இருக்கிறது. ரெஞ்சுக்கு எண்ணத் தெரியாது. எட்டுச் சுற்றிலும் கிளிக் என்னும், நாலு சுற்றிலும் கிளிக் என்னும்.

இனி எங்கள் வண்டிக்கு ஏன் ஸ்பேசர் தேவைப்பட்டது என்று சொல்கிறேன்.

பிப்ரவரியில் எனக்கு இடது இடுப்பு மூட்டு மாற்றினார்கள். எங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்து. அதனால் மூன்று வாரம் பக்ஸ்டனில் என் தங்கை வீட்டில் இருந்தேன். நெவில் தினமும் போன் செய்வார். குரலில் அப்படி ஓர் உற்சாகம். நான் பக்கத்தில் இல்லாமல் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருப்பாரா என்று அப்போதே ஒரு முள் குத்தியது.

மார்ச்சில் வீட்டுக்கு வந்தேன். அவர் பால் வாங்கப் போன நேரம், கைத்தடியை ஊன்றிக்கொண்டு கராஜுக்குப் போனேன். வண்டியைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது, ஏக்கம். பயணி இருக்கையில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தேன்.

அது என் இருக்கை இல்லை.

நம் இருக்கைகளை எப்படி வார்க்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு டப்பாத் திரவத்தைக் கலந்து, குப்பைப் பைக்குள் ஊற்றி, அது நுரைத்துப் பொங்கும்போது அதன் மேல் உட்கார வேண்டும். இறுகினதும் உட்கார்ந்தவரின் பின்புறம் அப்படியே பதிந்துவிடும். கைரேகை மாதிரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து வார்த்தது அது. "அசையாதே மேவிஸ், நகர்ந்தா ரெண்டு மலை மூணு மலையாயிடும்" என்று நெவில் கத்த, நான் சிரித்துக் குலுங்க, இடது பக்கத்தில் ஒரு சின்ன மேடு விழுந்துவிட்டது. அந்த மேடு என் சிரிப்பு. அதைக் காணவில்லை. இருக்கை ஒரு சாண் உயர்ந்திருந்தது. என் கண் முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே நின்றது. முட்டி இடுப்புக்குக் கீழே தொங்கியது. தையல் போட்ட இடத்தில் ஏதோ வந்து முட்டியது. இரண்டு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை.

வேறு ஒரு பெண் அந்த நுரையில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைவிடக் கால் நீளமானவள்.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஆதாரம் தேடினேன். நுரைத் திரவம் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. "பதினெட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முட்டி இடுப்பைவிடக் கீழே. மேவிஸ்கிட்ட மூச்சு விடாதீங்க." எழுத்து கிளெனிஸுடையது. நம் சங்கத்துக் கணக்கை எழுதுகிற அதே அழகான எழுத்து. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அவள் எனக்குக் கால் பயிற்சி கொடுத்தபோது அவளுடைய செருப்பைப் பார்த்தேன். குதிகாலில் மஞ்சளாக ஒரு பொட்டு நுரை. அது ஒட்டினால் ஒட்டினதுதான், செருப்பைத் தூக்கிப் போட்டால்தான் போகும்.

கிளெனிஸ், தேநீர்க் கொப்பரை கொதிக்கிறது பார். கொஞ்சம் தணித்து வை, கண்ணு.

அப்புறம் டயர். வண்டி ஓட ஆரம்பித்ததிலிருந்து, குலுக்கி எடுக்கிறது, கொஞ்சம் மெத்தென்ற டயர் போடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் என்ன சொல்வார் தெரியுமா? "இது வண்டியா, சோபாவா மேவிஸ்? குலுங்கத்தான் செய்யும். முதுகு வலிச்சா பஸ்ல போ." அப்படிச் சொன்ன மனிதர் மார்ச் கடைசியில் நாலு புதுச் சக்கரம் வாங்கி வந்து நிறுத்தினார். உயரமான, மெத்தென்ற டயர்.

"யாருக்கு நெவில் இந்த மெத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கும் வயசாகுதுல்ல."

"ஜூன்ல சங்கத்தோட ஸ்காட்லாந்து போறப்ப எனக்கும் வசதியா இருக்கும்."

"உன்னை யாரு கூப்பிட்டா? டாக்டர் சொன்னத கேட்டுட்டு வீட்ல பூனைக்குச் சோறு வை. வண்டில உன் இடத்துக்கு வேற ஆள் பாத்தாச்சு" என்று சொல்லிக் கண்ணடித்தார்.

உண்மையை வேடிக்கை மாதிரி சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று ஆண்கள் நினைக்கிறார்கள். நான் சிரித்து வைத்தேன்.

அந்தப் புதுச் சக்கரம்தான் பின்பக்கம் உள்ளே உரசியது. "என்ன தடிமன் வேணும்னு நீயே பாத்துச் சொல்லு, உனக்குத்தான் கணக்கு வரும்" என்றார் நெவில். அளந்து பார்த்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் போதும். வில்ஃப்பிடம் போய் இருபது கேட்டேன்.

"இருபதா? பழைய போல்ட் எட்டாதே மேவிஸ்" என்றாய் நீ. ஞாபகம் இருக்கிறதா வில்ஃப்?

"நீள போல்ட் எட்டு வாங்கி வச்சிருக்கு. நானே மாத்திடுறேன்."

"அப்பச் சரி. எண்ணிப் போடு" என்று சொல்லி, இந்த வளையத்தையும் இதன் ஜோடியையும் கடைந்து கொடுத்தாய். மயிரிழை பிசகவில்லை.

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை. வெயில் அடித்தது, கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தோம். வலப்பக்கச் சக்கரத்துக்கு நாலு நீள போல்ட்டையும் ஒழுங்காகப் போட்டேன். நான் நியாயமானவள், ஓட்டுநர் பக்கத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இடப்பக்கம், பயணி இருக்கைக்குப் பின்னால் இருக்கும் சக்கரம். அங்கே பழைய போல்ட்டை அப்படியே விட்டேன். நட்டு வாங்கும்போது தலை மூடின, பளபளப்பான நட்டாகப் பார்த்து வாங்கியிருந்தேன். இதோ, இந்த மாதிரி. திறந்த நட்டாக இருந்தால் போல்ட்டின் நுனி தெரிந்துவிடும். மூடின நட்டுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று கடவுளுக்கும் மாட்டினவருக்கும்தான் தெரியும். அதனால் தயவுசெய்து மூடின நட்டு வாங்காதீர்கள். இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை எழுதி வைத்துக்கொள்வதானால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் முக்காலியில் உட்கார்ந்து கையால் சுற்றினேன். நெவில் ரெஞ்சோடு குனிந்து நின்றார்.

"எத்தனை?"

"எட்டு."

கிளிக். பச்சைக் கோடு.

"எத்தனை?"

"எட்டு."

"குரல்ல என்னமோ சந்தோஷம் தெரியுதே?"

"தேநீர் நேரம் ஆகுதுல்ல, அதான்."

கிளிக். நாலு தடவை கேட்டார், நாலு தடவையும் எட்டு என்றேன். நாலுதான் ஏறியிருந்தது. திருப்பிக் கேட்கவில்லை, நல்ல சங்கத்துக்காரர். கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். மூக்கில் பச்சை வர்ணம் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அருமையான நாள் அது.

என் மனசில் கொலை என்ற எண்ணமே இல்லை. அந்த இருக்கை உபயோகப்படக் கூடாது, அவ்வளவுதான். நாலு சுற்று ஊருக்குள் தாங்கும். கால்டர் மேட்டு இறக்கத்தில், இரண்டாவது வளைவில், கற்சுவர் பக்கம் தாங்காது. ஸ்காட்லாந்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஜூன் மாதம், அந்த இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் அதே வழிதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நெவில் என்னை ஆஸ்பத்திரிக்குப் பழைய வேனில்தான் கொண்டுபோய் விடுவார். வேன் வேறு பாதையில் போகும், மேடு ஏறாது.

மே மாதம் முதல் வியாழக்கிழமை எனக்குப் பன்னிரண்டாவது வாரப் பரிசோதனை. காலையில் வேனில் இறக்கிவிட்டுப் போனார். திரும்பி வர பஸ் இருக்கிறது, கவலைப்படாதே என்றேன். தலையை ஆட்டினார். கிளெனிஸ் அன்றைக்குப் பட்டாம்பூச்சி மாதிரி பறந்துகொண்டிருந்தாள்.

"காலை நல்லாத் தூக்குங்க மேவிஸ். இன்னியோட கைத்தடிக்கு ஓய்வு. வீட்டுக்கு மகாராணி மாதிரி போகப் போறீங்க."

"எந்த மகாராணி பஸ்ல போறா?"

"பஸ்ஸுன்னு யார் சொன்னா?" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. அவளுடைய ஷிப்ட் முடியும் நேரம். வேலை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு போக வருகிறார் என்று புரிந்துகொண்டேன். என் கண் எதிரிலேயே. இவர்களுக்கு இந்த அளவுக்குத் துணிச்சல் இருந்தது எனக்கே வியப்பு. ஆனாலும் கிளெனிஸின் முகம் வாடி வாடிப் போவதைப் பார்த்தபோது எனக்கு அவள்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. நாலு மணிக்குப் போலீஸ்காரப் பெண் ஒருத்தி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது வளைவு. நான் சொன்ன அதே இடம்.

பயணி இருக்கையில் ஆள் இல்லை. என் நீலத் தலைத்துணியும், கம்பளிப் போர்வையும், ஒரு பிளாஸ்க் தேநீரும் இருந்ததாகச் சொன்னார்கள். ஆண்கள் கண்ணாடி துடைக்க எந்தத் துணி கிடைத்தாலும் எடுத்துவிடுகிறார்கள், என்ன செய்வது. தேநீரில் சர்க்கரை போட்டிருந்ததாம். அவர் சர்க்கரை போட மாட்டார். கிளெனிஸ் போடுவாள் போலிருக்கிறது. நானும் போடுவேன்.

இடப்பக்க போல்ட் நாலும் பிய்ந்திருந்தன. பிய்ந்த போல்ட் முன்பு எவ்வளவு நீளம் இருந்தது என்று யார் அளக்கிறார்கள்? வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். நீள போல்ட், எட்டுச் சுற்று, எல்லாம் கச்சிதம். அப்படியானால் இடப்பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது வளையம் ஒன்றுதான். சுவரில் மோதியதில் அது விரிசல் விட்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நம் கூட்டத்துக்கு ஸ்பேசர் என்றாலே ஒரு சந்தேகம் உண்டு. வண்டியில் ஸ்பேசர் இருந்தால் வேறெதையும் பார்க்க மாட்டோம். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆனால் வில்ஃப் தார்ப்பாயைப் போட்டு மூடுவான் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் ஐந்து மாதமாக என்னைத் தூங்க விடவில்லை. மயிரிழை பிசகாமல் கடைந்த வளையத்தை ஊரெல்லாம் பழி சொல்வதை எவ்வளவு நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? எதற்கும் ஒரு நியாயம் வேண்டும்.

இப்போது டப்பாவைத் திறக்கிறேன். எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நீள போல்ட். எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. வாக்களிக்கும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வில்ஃப், நாளைக் காலையில் தார்ப்பாயை எடு.

செயலாளர் போனோடு வெளியே போகிறார். போகட்டும், இந்தக் கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்காது. அவர்கள் வந்து சேர அரை மணி ஆகும். கேக் இன்னும் பாதி இருக்கிறது. கூச்சப்படாமல் எடுங்கள்.

கிளெனிஸ், அழாதே. நீ என்னமோ சொல்ல வருகிறாய் என்று தெரிகிறது. உங்கள் புது இடுப்புக்கு உயரம் வேண்டும் என்றுதான் அப்படி, வீக்கம் வற்றினால் சரியாக இருக்கும், அளவுக்கு நான்தான் உங்களுக்குப் பதிலாக உட்கார்ந்தேன் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே ஏதோ சொல்லி அழுதாய். அதிர்ச்சியில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். செப்டம்பரில் உடைந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கராஜில் இறக்கிவிட்டுப் போனார்கள். இடப்பக்கம் நசுங்கிக் கிடந்தது, அந்த இருக்கைக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. கைத்தடி இல்லாமல் போனேன். இடுப்பு வலிக்கவில்லை, வீக்கமெல்லாம் வற்றிப்போயிருந்தது. சும்மா உட்கார்ந்து பார்த்தேன். முதுகு, தொடை, இடது பக்கம், எல்லாம் கையுறைக்குள் விரல் போவதைப் போல இறங்கியது. எழுந்திருக்கவே மனசு வரவில்லை, அவ்வளவு சுகம். துக்கம் உடம்பை மாற்றிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாலே மாதத்தில் என் உடம்பு அவளுடைய அளவுக்கே வந்துவிட்டது.